படுக்க வைத்த கட்டடம்

அந்த வீட்டிலேயே அதிகம் படித்தவள் அண்ணிதான். இதை வேறு யாரும் சொன்னதில்லை. மற்றவர்கள் மறந்துவிடக் கூடாதே என்கிற நல்லெண்ணத்தில் அண்ணியே அவ்வப்போது சொல்லிக்கொள்வாள். அவள் புருஷன் கட்டட கான்ட்ராக்டர். அவனிடம் வேலை செய்கிற எல்லோருக்கும் அவன் அண்ணன் என்பதால் இவள் அண்ணியாகிவிட்டாள். கம்பி கட்டுகிறவர் பேரன் பேத்தி எடுத்தவர். அவருக்கும் இவள் அண்ணிதான். கல்யாணமாகி வந்த புதிதில், "என்னை மேடம்னு கூப்பிடுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிப் பார்த்தாள். "சரிங்க அண்ணி" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஜன்னலோரத்தில் அண்ணியின் மேசை; கட்டடத்துக்கான கணக்கெல்லாம் போடுகிற இன்ஜினியர் அவள்தான். அதன்மேல் ஒரு அகலமான திரை. காற்று, வெளிச்சம், போகிற வருகிறவர்களை முறைத்துப் பார்க்கும் வசதி என்று எல்லாம் அந்த மேசைக்கு உண்டு. இன்னொரு மேசை கதவுக்குப் பின்னால். யாராவது கதவைத் திறந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் நாற்காலி முதுகில் கதவு இடிக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவள் சின்னவள், அண்ணியின் நாத்தனார். அவளும் இடி வாங்கி வாங்கி, கதவின் சத்தம் கேட்டதுமே நாற்காலியோடு முன்னால் நகர்ந்துகொள்வாள். மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறி அந்த மூலையில் காகிதமெல்லாம் அப்பளம் போல நெளியும். அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தது அண்ணிதான். "அவளுக்கு எதுக்குக் காத்து? அவ என்ன கணக்கா போடறா? கோடுதான போடறா" என்று சொல்லிக் கொடுத்தாள்.

சின்னவளுடைய கதை சுருக்கமானது. கல்யாண ஆல்பம் கைக்கு வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "ஒண்ணும் நடக்கலை, அதான்" என்றாள். சும்மா உட்கார வைத்தால் ஊர் பேசும் என்று அண்ணன் அவளை ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பி, கம்ப்யூட்டரில் கட்டடப் படம் வரைய வைத்தான். ஊர் எப்படியும் பேசியது. ஆனால் அவள் வரையக் கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொண்ட விதத்தில் சில சிக்கல்கள் இருந்தன. ஒரு படத்தில் படுக்கை அறையைப் 'படுகை அறை' என்று எழுதிவிட்டாள். "ஆறு ஓடுமா உள்ள?" என்று அண்ணி கேட்டது அந்த மாதம் முழுக்க வீட்டில் ஓடியது. இன்னொரு படத்தில் மாடிக் கதவைத் திறந்தால் வெறும் ஆகாயம் இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் எது தப்பானாலும் முதல் சந்தேகம் சின்னவள்மேல்தான். பால் பொங்கி வழிந்தாலும் மாமியார் அடுப்பைப் பார்ப்பதற்கு முன் மகளைத்தான் பார்ப்பாள்.

அண்ணி யாரையும் மதித்ததில்லை. ஆள் பார்த்து மதிப்பதெல்லாம் அவளிடம் கிடையாது. எல்லோரையும் ஒரே சீராக மதிக்காமல் இருந்தாள். புருஷன் வாயாலேயே கட்டடம் எழுப்புகிறவன். வந்தவரிடம் அஸ்திவாரத்தில் ஆரம்பித்து டீ ஆறுவதற்குள் கிரகப்பிரவேசம் வரைக்கும் போய்விடுவான். மாமியாருக்கு மருமகளின் படிப்பு இன்னும் புரியவில்லை. "பொட்டிதான் கணக்கு போடுது. இவ பக்கத்துல உக்காந்து அதைத் திட்டறா. இதுக்கு எதுக்கு நாலு வருஷம் படிப்பு?" என்று பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டிருப்பாள். இதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் அண்ணிக்குக் கோபம் அதிகம் வரும்.

அந்தச் சமயம் கையில் இருந்த வேலை ஒரு பல் டாக்டருடைய ஆஸ்பத்திரி. மனை முன்பக்கம் ஒடுக்கம், பின்னால் ஆழம். டாக்டருக்கு வாசலில் கார் வந்து நிற்க வேண்டும், மேலே கூரை வேண்டும், ஆனால் கூரையைத் தாங்கத் தூண் கூடாது. தூண் இருந்தால் கார்க் கதவு இடிக்குமாம். அதனால் படத்தில் முதல் மாடித் தளத்தையே தெருவைப் பார்த்து முன்னால் நீட்டியாகிவிட்டது. வாயைத் திறந்து நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் கட்டடம். "பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி.

நாக்கின் பாரமெல்லாம் முன்வரிசைத் தூண்கள் நான்கின் தலையில். தூண் நேராகக் கீழே மட்டும் அழுத்தினால் கவலையில்லை. அதன் அடியில் கான்கிரீட்டில் சதுரமாக ஒரு பாதம் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஃபுட்டிங் என்பது அந்தப் பாதம்தான். ஆனால் தூணை யாரோ முன்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தால் பாதத்தை முன்னும் பின்னுமாக நீட்ட வேண்டும். பிரேக் போடுகிற பஸ்ஸில் நிற்கிறவன் ஒரு காலை முன்னால் வைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி. அவன் காலைப் பக்கவாட்டில் அகட்டி வைத்தால் முன்சீட்டுக்காரர் மடியில்தான் போய் உட்காருவான்.

இதற்கு சாஃப்ட்வேர் இருக்கிறது. அதை அண்ணி 'இவன்' என்பாள். தூணின் பாரத்தைச் சொல்ல வேண்டும். மண் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல வேண்டும். எந்த அளவில் ஆரம்பிப்பது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கூட்டுவது என்றும் சொல்ல வேண்டும். இவன் சின்ன அளவில் ஆரம்பித்து, மண்மேல் விழும் அழுத்தத்தைப் பார்த்து, போதாவிட்டால் சிவப்புக் காட்டி, கொஞ்சம் கூட்டி, மறுபடி பார்த்து, ஒரு வழியாகப் பச்சைக்கு வந்து நிற்பான். முன்வரிசையில் இரண்டு ஃபுட்டிங்குக்கு நடுவே கழிவுநீர்க் குழாய் போக வேண்டியிருந்தது. அதனால் அண்ணி அகலத்தை இவ்வளவுதான் என்று கட்டிப்போட்டு, "நீளத்தை மட்டும் வளத்துக்கோ" என்று இவனை விட்டாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று வந்து கடைசியில் பச்சை. நான்கு தூணுக்கும் நல்ல நீள்சதுரமான நான்கு பாதங்கள். அண்ணி திருப்தியாகச் சோம்பல் முறித்தாள்.

ஒரே ஒரு சின்ன விஷயம். காகிதத்தில் அந்தக் கட்டடம் உயரவாக்கில் நிற்கிறது, தெரு கீழ்ப்பக்கம். அண்ணியின் திரையோ அகலவாக்கில் பெரியது. அதில் கட்டடத்தை நிறுத்தினால் தீக்குச்சி மாதிரிச் சுருங்கிவிடுகிறது. கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்க அண்ணியால் முடியவில்லை. அதனால் வேலையை ஆரம்பித்த அன்றே கட்டடத்தை அப்படியே கால்வட்டம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டாள். இதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். படம் வரைகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

அளவுப் பட்டியல் சின்னவள் மேசைக்குப் போனது. சின்னவள் அதைப் பார்த்தாள், தன் படத்தைப் பார்த்தாள், நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணி, இந்த முன்வரிசை நாலுக்கும் நீளம் எந்தப் பக்கம் வரும்?"

அண்ணி அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தாள். "நீளம் நீளப் பக்கம்தான் வரும். பின்ன அகலத்துப் பக்கமா வரும்?"

உள்ளேயிருந்து மாமியார் சிரித்தாள். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த புருஷனும் சிரித்தான். இரண்டு பேருக்கும் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாது. சின்னவளை யாராவது ஏதாவது சொன்னால் சிரிப்பது அந்த வீட்டில் பழக்கம்.

"அதில்ல அண்ணி, பேப்பர்ல வைக்கறப்ப..."

"எக்ஸ்னு போட்டிருக்கா இல்லையா?"

"போட்டிருக்கு."

"எக்ஸ் எந்தப் பக்கம்னு அந்த ஆறு மாசத்துல சொல்லிக்குடுக்கலையா? இல்ல, அன்னிக்கு லீவா?"

"படுத்திருக்கறதுதான் அண்ணி எக்ஸ்."

"தெரியுதில்ல? அப்ப படுக்க வை."

சின்னவள் படுக்க வைத்தாள். அண்ணி உப்பைத் தேடினாள்.

அண்ணியின் திரையில் படுத்திருந்தது முன்பின் திசை. சின்னவளின் காகிதத்தில் படுத்திருந்தது தெருவோரத் திசை. இரண்டுக்கும் பெயர் எக்ஸ்.

அடுத்து வந்த நாட்களில் குழி தோண்டினார்கள், அடிக் கான்கிரீட் போட்டார்கள், கம்பிக்காரர் ஒவ்வொரு குழியிலும் கம்பியைப் பாய் மாதிரிப் பின்னி வைத்தார். வேலை மளமளவென்று நடந்தது. தப்பான வேலை எப்போதும் மளமளவென்றுதான் நடக்கும். மேகம் கூடிக்கொண்டே வந்ததால், மழைக்குள் முடித்துவிடலாம் என்று புருஷன் ஒரு மத்தியானத்துக்குக் கான்கிரீட் லாரிக்குச் சொல்லிவைத்தான். அன்று காலையில் அண்ணிக்குக் குழாய்க்காரரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, முன்னாடி ரெண்டு ஃபுட்டிங்குக்கு நடுவுல என் குழாய் போகும்னு சொன்னீங்க."

"ஆமா, போகும்."

"எலிதான் போகும் அண்ணி. அதுவும் சாப்பிடாத எலி."

"நீங்க வேற எங்கயாவது நின்னு பாத்துட்டு இருப்பீங்க. படத்தைப் பாருங்க முதல்ல. படம் பாக்கத் தெரியும்ல?"

"கையிலதான் வச்சிருக்கேன். படத்துலயும் எலிதான் போகுது."

அண்ணி போனை வைத்தாள். குழாய்க்காரரைப் பற்றி மனதுக்குள் நாலு வார்த்தை சொல்லிக்கொண்டே படத்தைத் திறந்தாள். நான்கு பாதங்களும் தெருவோரமாக, ஒன்றன் கால்மாட்டில் ஒன்றாக, ஒரே பாயில் படுத்த பிள்ளைகள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. 'சனியனே' என்று சின்னவள் மேசைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கண் தன்னுடைய திரைக்குப் போயிருந்தது. அங்கே கட்டடம் சுகமாகப் படுத்துக்கொண்டிருந்தது.

சின்னவள் அப்போது கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அறையில் யாருமில்லை. அண்ணி நீளத்தையும் அகலத்தையும் மாற்றிப் போட்டு இவனை ஓடவிட்டாள். சிவப்பு. சாதாரணச் சிவப்பில்லை. பாதத்தின் முன்னோரம் மண்ணை நசுக்குகிறது. பின்னோரம் மண்ணை விட்டே எழும்பிக்கொள்கிறது. காகிதத்தில் இருப்பதை அப்படியே கட்டினால், நாக்கை நீட்டிய கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவைப் பார்த்துக் குனியும். அதன் கீழே கார் நிற்கும். காரிலிருந்து பல்வலியோடு யாராவது இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

நம்பாமல் இன்னொரு தடவை ஓடவிட்டாள். மறுபடி சிவப்பு. அந்த நேரத்திலும் மூளையின் ஒரு மூலை, 'கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருக்கலாமே அவள்' என்று முணுமுணுத்தது. படித்த மூளை. லேசில் ஒப்புக்கொள்ளாது.

வாசலில் பைக் வந்து நின்றது. குழாய்க்காரர் அண்ணனுக்கும் போன் பண்ணியிருக்கிறார். புருஷன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கத்தினான்.

"எங்க அவ?"

என்ன தப்பு என்று அவன் கேட்கவில்லை. 'எங்க அவ' என்றுதான் கேட்டான். மாமியாரும், "என்னடா பண்ணித் தொலைச்சா?" என்றபடி கரண்டியோடு வந்தாள். சின்னவள் துணி மூட்டையை அணைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள்.

"நாலு ஃபுட்டிங்கையும் குறுக்கால போட்டு வச்சிருக்கா. மத்தியானம் லாரி வருது. அந்தக் குழாய்க்காரன் சிரிக்கறான்மா. அந்தாள் கூடச் சிரிக்கறான்!"

"அன்னிக்கே சொன்னேன், இவளுக்கு இதெல்லாம் வராதுன்னு. கேட்டியா? கதவு வச்சா கதவுக்கு அந்தப் பக்கம் ஆகாசம் வைக்கறவ இவ."

சின்னவள் ஒரே ஒரு தடவை அண்ணியைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது. கடையில் பாக்கிச் சில்லறை வருமா வராதா என்று நின்று பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

அண்ணி வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் இவ்வளவு வசதியாக ஒரு தப்பு, வந்த வழியே தெரியாமல் அடுத்தவர் தலையில் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கையில், கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கட்டுமே என்று மனிதப் பிறவிக்குத் தோன்றத்தான் செய்யும்.

புருஷன் கதவுக்குப் பின்னால் போய்ச் சின்னவள் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினான். "இனிமே இதைத் தொடாத. போதும். வீட்டுலயே இரு."

"இவளைப் பொண்ணு கேட்ட அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இன்னும் பதில் கேட்டுட்டுத்தான்டா இருக்கார்" என்றாள் மாமியார், கரண்டியை இறக்கி. "அம்பது வயசானா என்ன, தங்கமான மனுஷன். வேலை இருக்கு வேலை இருக்குன்னு தட்டிக் கழிச்சா. இப்ப என்ன வேலை இருக்காம்?"

"வரச் சொல்லும்மா. இந்த வாரமே வரச் சொல்லு."

துணி மூட்டையிலிருந்து ஒரு தலையணை உறை நழுவிக் கீழே விழுந்தது. சின்னவள் அதை எடுக்கவில்லை.

"நான்தான் பண்ணேன்" என்றாள் அண்ணி.

"என்ன?"

"தப்பு. நான்தான் பண்ணேன். கட்டடத்தைத் திருப்பி வச்சுட்டேன்."

"எந்தக் கட்டடத்தை?"

"டாக்டர் கட்டடத்தை. கம்ப்யூட்டர்ல. திரைக்குள்ள அடங்கலைன்னு படுக்க வச்சேன். இவகிட்டச் சொல்லலை. இவ கேட்டா. நான்தான் படுக்க வைன்னேன்."

புருஷன் அவளையே பார்த்தான். பிறகு அவன் முகம் இளகியது. அம்மாவிடம் திரும்பினான். "பாத்தியாம்மா? படிச்சவங்க படிச்சவங்கதான். இவளைக் காப்பாத்தறதுக்காகத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறா பாரு."

"ஐயோ, நான் நிஜமாத்தான் சொல்றேன்!"

"நிஜமாத்தான் சொல்லுவ, எனக்குத் தெரியாதா உன்னை?"

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வந்த நாள்லேர்ந்து இவளை என்னென்னமோ நினைச்சேன். மனசு தங்கம்டா. கூடப் பிறந்தவளா இருந்தாக்கூடச் செய்ய மாட்டா."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் மாமியார் அண்ணியைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு அண்ணிக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உள்ளுக்குள் இதமாக இருந்தது. அந்த நொடிக்காக அவள் பிற்பாடு தன்னை நிறையத் திட்டிக்கொண்டாள்.

புருஷனை இழுத்துக்கொண்டு போய்த் திரைக்கு முன் நிறுத்தினாள். "இங்க பாருங்க. இப்படி இருந்தா பச்சை. மாத்திப் போட்டா சிவப்பு. தெரியுதா?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"நீ போட்டது பச்சை. அவ வரைஞ்சது சிவப்பு. அதைத்தான நானும் சொல்றேன்?" என்றவன் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு கம்பி சேத்துப் போட்டு இப்படியே ஓட்டிர முடியாதா?" என்று கேட்டான்.

"விழப் போறவனுக்கு நல்ல ஷூ வாங்கிக் குடுத்தா நின்னுடுவானா? லாரியை நிறுத்துங்க முதல்ல."

அவன் லாரிக்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். "என் தங்கச்சி ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டாப்பா..." என்று ஆரம்பிப்பது உள்ளே வரைக்கும் கேட்டது.

சின்னவள் துணியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி போய்ப் பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"நான் சொன்னேன், அவங்க நம்பலை" என்றாள்.

"பாத்தேன்" என்றாள் சின்னவள், ஒரு போர்வையை உதறி. "நல்லா இருக்கு அண்ணி. தப்பு பண்ணதும் நீங்க, நல்ல பேரும் உங்களுக்கு. எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும் இடமில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

"நான் கேட்டேன்ல உங்ககிட்ட?"

"கேட்ட."

"நீங்க பதில் சொன்னீங்களா?"

"சொன்னேனே..."

"அது பதிலா அண்ணி?"

அண்ணி போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் மடித்தார்கள். மடித்து முடித்ததும், "இல்ல" என்றாள் அண்ணி.

"படுகை அறை எழுதினது நான்தான். ஆகாசத்துக்குக் கதவு வச்சதும் நான்தான். அதுக்கெல்லாம் சிரிச்சீங்க, சரி. தெரியாததைக் கேட்டா அதுக்கும் சிரிச்சா, அப்புறம் எதைத்தான் கேக்கறது? அதுக்கப்புறம் நான் கேக்கறதையே விட்டுட்டேன். இந்தப் படத்துலயே இன்னும் ரெண்டு இடத்துல சந்தேகம் இருக்கு. கேக்கலை."

"எந்த இடத்துல?" அண்ணி மடித்த போர்வையைக் கட்டிலில் போட்டுவிட்டாள்.

"பிளக்கைப் பிடுங்கியாச்சே."

ஸ்விட்ச் போர்டு கதவுமூலை மேசைக்குக் கீழே, சுவரோரம் இருந்தது. அண்ணி குனிந்து, பிறகு முட்டிபோட்டு, பிறகு முழுசாகத் தவழ்ந்து உள்ளே போனாள். ஓதத்தின் வாடை அடித்தது. செத்த பல்லி ஒன்று காய்ந்து கிடந்தது. இத்தனை நாள் இந்த மூலையிலா ஒருத்தி உட்கார்ந்து கோடு போட்டாள் என்று நினைத்துக்கொண்டே பிளக்கைச் செருகியபோது, புருஷன் கதவை வேகமாகத் திறந்தான். நாற்காலி வந்து அவள் இடுப்பில் இடித்தது.

"அம்மா!"

"கீழ என்ன பண்ற?"

"படிச்சுட்டிருக்கேன்" என்றாள் மேசைக்கு அடியிலிருந்து.

லாரி நின்றுவிட்டது. நாத்தனாரும் அண்ணியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சந்தேகமான இரண்டு இடங்களையும் பார்த்தார்கள். ஒன்றில் சின்னவள் நினைத்தது தப்பு. அதைச் சொல்லும்போது அண்ணியின் நாக்கு நுனிவரை ஒரு கேலி வந்தது; விழுங்கினாள். தொண்டையில் மீன் முள் மாதிரிக் குத்திக்கொண்டு இறங்கியது. இன்னொன்றில் அவள் நினைத்ததுதான் சரி. பாதங்கள் நான்கையும் எழுப்பி முன்பின்னாகத் திருப்பிப் போட்டு, குழாய்க்கு வழி விட்டு, புதுப் படத்தை அச்சடித்துக்கொண்டு, புருஷனையும் சேர்த்து மூன்று பேரும் வேலையிடத்துக்குப் போனார்கள்.

தூறல் ஆரம்பித்திருந்தது. குழி ஒவ்வொன்றிலும் காப்பி நிறத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது. கம்பிக்காரர் புதுப் படத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"கம்பியைத் தூக்கித் திருப்பிப் போடறது ஒண்ணுமில்ல அண்ணி. குழியை யாரு திருப்பறது?"

"முன்னாலயும் பின்னாலயும் நீட்டி வெட்டணும்" என்றாள் அண்ணி.

"வெட்டணும்" என்றார் அவர். "வெட்டறவனுக்கு முதுகும் நீட்டித்தான் வலிக்கும்." பிறகு ஆட்களைப் பார்த்து, "இறங்குங்கடா. அடிக் கான்கிரீட் போட்ட வரைக்கும் அப்படியே இருக்கட்டும், ரெண்டு பக்கமும் எடுங்க" என்றார். குழாய்க்காரர் ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து, "அப்ப என் எலிக்கு வழி பிறந்துடுச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டரின் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் இரண்டு விரலால் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்னால் நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியாது. மண்வெட்டிச் சத்தமும் கம்பி தூக்குவதும்தான் தெரிந்தது.

"இன்னிக்குக் கான்கிரீட்னு சொன்னீங்க? என்ன, மறுபடியும் தோண்டறாங்க?"

புருஷன் முகத்தில் வியாபாரச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல சார். சின்ன டிராயிங் மிஸ்டேக். என் தங்கச்சி புதுசு..."

சின்னவள் சேற்றில் பார்வையை நட்டுக்கொண்டு நின்றாள்.

"டிராயிங் மிஸ்டேக் இல்ல டாக்டர்" என்றாள் அண்ணி. "அவ சரியாத்தான் கேட்டா. ஃபுட்டிங் அளவு போட்டது நான். திசையைத் தப்பாச் சொன்னதும் நான்தான்."

'சும்மா இரேன்' என்று புருஷன் கண்ணைக் காட்டினான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை. இவராவது நம்ப வேண்டுமே என்று டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் துளியும் சந்தேகப்படவில்லை.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார். "அன்னிக்கு உங்க வீட்டுல நீங்க பேசினப்பவே நினைச்சேன். ரொம்பத் தெரிஞ்ச மாதிரிப் பேசறாங்களே, ஏதாவது கோளாறு வரும்னு. லேடீஸை நான் குறை சொல்லலை. பொறுமை உண்டு, கையெழுத்து அழகா இருக்கும். ஆனா எடை, மண்ணு, இதெல்லாம்..." கையை ஆட்டினார். "ஏங்க, சீனியரா ஜென்ட்ஸ் யாரும் கிடையாதா உங்ககிட்ட, ஒரு தடவை செக் பண்ண?"

அன்று காலையிலிருந்து அண்ணி சொன்னதை நம்பிய ஒரே ஆள் இந்த மனுஷன்தான்! அண்ணிக்கு வாயில் பதில் தயாராக இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து. ஒவ்வொன்றும் அந்த மனிதர் ஒரு வாரத்துக்கு வாய் திறக்க முடியாத மாதிரியான பதில். ஆனால் இப்போது வாய் கொடுத்தால், தப்பு பண்ணியவள் மறுபடி கெட்டிக்காரியாகிவிடுவாள். தப்பு தன் பழைய இடத்துக்கே, துப்பட்டா நனைய நிற்கிறவள் தலைக்கே, நடந்து போய்விடும். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டருக்கு முன்னால் அதைத்தான் செய்யக் கூடாது என்றாலும், கடித்துக்கொண்டாள்.

"நீங்க வேற யாரையாவது வச்சுக் கணக்கைச் சரிபாத்துக்கலாம் டாக்டர். நான் காட்டறேன்" என்றாள்.

"பாக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் காருக்குத் திரும்பினார். பாதி வழியில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. கம்பிக்காரர்தான் போய் எடுத்துக் கொடுத்தார்.

புருஷன் அப்படியே நின்றான். காசு கொடுக்கிறவர் வாயிலிருந்து வந்தால்தான் அவனுக்கு ஒரு விஷயம் காதில் ஏறும்.

"நிஜமாவே நீதானா?" என்றான் மெதுவாக.

"காலையிலேர்ந்து என்ன சொல்லிட்டிருக்கேன்?"

"நான் என்னமோ நீ..."

"தெரியும்."

அவன் தங்கச்சியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாயாலேயே கட்டடம் எழுப்புகிறவனுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு செங்கல்கூட அகப்படவில்லை. மழை வலுத்தது.

"குடை இருக்கா உனக்கு?" என்று கேட்டான்.

"இல்ல."

தன்னுடையதைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். கடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றான்.

"தப்பு யார்மேலன்னும் சொல்லிடுண்ணா."

"சொல்றேன், சொல்றேன்." அவன் நனைந்துகொண்டே போய் மண்வெட்டுகிறவர்களை எதற்கோ அதட்டினான்.

சின்னவள் குடையைத் திருப்பி அண்ணி கையில் திணித்தாள். பையிலிருந்து டேப்பை எடுத்தாள். அதன் முனைக் கொக்கியை அண்ணியின் மறுகையில் கொடுத்து, தூண் வரப்போகிற இடத்தின் நடுக்கோட்டைக் காட்டினாள். "இங்க வச்சுக்கோங்க." டேப்பை இழுத்துக்கொண்டே தெருப்பக்கமாக நடந்து, குழி எங்கே முடிய வேண்டும் என்று மண்ணில் ஆணியால் கோடு கிழித்தாள். அந்தக் கோட்டுக்குத் தகுந்தபடி கம்பிக்காரர் ஆட்களை நகர்த்தினார்.

"கொஞ்சம் இடதுபக்கமா வரணுமோ?" என்றாள் அண்ணி, குடைக்கு அடியிலிருந்து. "நீ அந்த..."

"அண்ணி" என்றாள் சின்னவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "பேசாதீங்க. டேப் தொங்குது. இதையாவது ஒழுங்காப் பிடிங்க."

கம்பிக்காரர் சிரித்தார். குழாய்க்காரரும் சிரித்தார். அண்ணிக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரிந்த குரலாக இருந்தது. இவ்வளவு நாளும் தன் வாய்க்கு உள்ளேயிருந்துதான் கேட்டிருக்கிறாள். வெளியில் நின்று கேட்டதில்லை.

குடையை மடக்கிக் கீழே போட்டாள். சேற்றில் ஒரு காலை முன்னால் ஊன்றி, இரண்டு கையாலும் டேப்பை இழுத்துப் பிடித்தாள்.

"இப்ப?" என்றாள்.

"ம்" என்றாள் சின்னவள், அளவைப் பார்த்தபடி.